எண்பத்தொன்று புள்ளி பூஜ்யம் பூஜ்யம்

பேஸ்பாலுக்கு நூற்றெட்டுத் தையல்.
அத்தனையும் தெரியும் டெல்வின் ஹாட்ஜ்சனின் விரல்களுக்கு.
எனக்குத் தெரிந்தது அது வந்து சேரும் சத்தம்.
நான் கேட்சர், குந்தியிருந்தே பிழைத்தவன்.
ஐந்து கோடை அவன் எறிந்தான், நான் வாங்கினேன்.
என் இடது சுட்டுவிரல் இன்றும் முழுதாய் மடங்காது,
காபிக் கோப்பையைப் பிடிக்கும்போது
நீட்டி நின்று யாரையோ காட்டிக்கொடுக்கும்.

நிகராகுவாவின் கார்ன் தீவிலிருந்து வந்தான்,
பதினேழு வயது, இடக்கை,
ஒப்பந்தப் பணம் எட்டாயிரம் டாலர்.
அக்காவின் படகுக்கு எஞ்சின் போக
மிச்சத்தில் ஒரு ஜோடி ஷூ. அதுவும் அளவு பெரிது.
அயோவாவில் முதல் ஏப்ரல், பனி கொட்டியது.
மேட்டின் மேல் நின்று வானத்தைப் பார்த்து
“ஆட்டத்தை நிறுத்த மாட்டார்களா?” என்றான்.
நிறுத்தவில்லை. ஏழு பேரை வீழ்த்தினான்,
ஒவ்வொரு பந்துக்கும் முன் கையை அக்குளில் செருகி.

பேருந்துகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
பதினோரு மணி நேரம், முன்சீட்டில் இடிக்கும் முழங்கால்,
வேர்க்கடலைத் தோல்.

பெரிய அணி அழைத்தது ஒரு ஜூலையில்.
சலவைக் கடையின் டிவியில் பார்த்தேன்,
கையில் ஈரக் காலுறை.
எட்டாவது இன்னிங்ஸ். மூன்று பேர்.
முதலாமவனுக்கு நான்கு பந்து, நான்கும் வெளியே.
இரண்டாமவனுக்கும் அதே கதை.
மூன்றாமவன் அடித்தது இடப்பக்கப் புல்லில் விழுந்தது.
மேலாளர் நடந்து வந்தார், பந்துக்குக் கை நீட்டினார்,
வட்டிக்காரன் வாசலில் நீட்டுவதுபோல.
விட்டுவந்த மூவரும் ஓடி முடித்தார்கள், இவன் கணக்கில்.

ஓர் அவுட்கூட இல்லையென்றால்
கொடுத்த ஓட்டத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும்.
பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே
படுத்துக் கிடந்தது ஓர் எட்டு: முடிவிலி.
கடவுளுக்குச் சொல்லும் சொல்லை
பிட்சருக்குச் சொன்னால் அது வசவு.

அப்புறம் முழங்கை.
வலது மணிக்கட்டிலிருந்து தசைநாண் ஒன்றை உருவி
இடது முழங்கையில் கோத்தார்கள்.
வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாதாம்.
மழைநாளில் இவன் இடக்கைக்கு எல்லாம் தெரிந்தது.

வெராக்ரூஸ். தைச்சுங். குளிர்காலங்களில் மனாகுவா.
பாதிச் சம்பளத்தை உணவுக் கூப்பனாய்க் கொடுத்த
டெக்சாஸ் அணி ஒன்று.
வேகம் போய்விட்டது. மெதுவை நம்பக் கற்றான்:
அதே கைவீச்சு, அதே முகம்,
பந்து மட்டும் யோசித்து யோசித்து வரும்.
மகள் ஆர்லீனுக்கு அப்பா என்பது
வீடியோ அழைப்பில் தெரியும் நெற்றி.
நான் எப்போதோ விட்டுவிட்டேன். லிங்கனில் டயர் கடை.

ஒன்பது வருடம் கழித்து, செப்டம்பர்.
கடைசி இடத்தில் கிடந்த அணி ஒன்றுக்கு
ஆள் பற்றவில்லை, கூப்பிட்டார்கள்.
கடை டிவியில் அவன், ஜாக்கியில் யாருடைய வண்டியோ.
ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட்,
எதிரே இடக்கை ஆட்டக்காரன்.
மூன்று பந்து வெளியே, இரண்டு ஸ்ட்ரைக்.
இப்போதெல்லாம் கேட்சர்கள் பொத்தானை அழுத்திச் சொல்கிறார்கள்.
மேசைக்கடியில், யாரும் பார்க்காத இடத்தில்,
என் வலக்கை நான்கு விரலை ஆட்டியது:
மெதுவாக.

மெதுவாகவே எறிந்தான்.
மட்டை முந்திக்கொண்டது. பந்து தரையில் உருண்டு
இரண்டாம் தளத்துக்காரன் கைக்குப் போய்
முதல் தளத்துக்குப் பறந்தது.
அவுட்.
வாடிக்கையாளர் கேட்டார், “ஜெயித்துவிட்டார்களா?”
ஆறு ஓட்டம் பின்தங்கியிருந்தார்கள்.

அன்றிரவே அழைத்தான்.
“லைல், கணக்குப் போட்டாயா?”
போட்டிருந்தேன், ரசீதின் பின்பக்கம்.
மூன்று ஓட்டம், இன்னிங்ஸில் மூன்றில் ஒரு பங்கு,
ஒன்பதால் பெருக்கி: எண்பத்தொன்று.
கேவலமான எண்.
“புள்ளி பூஜ்யம் பூஜ்யம்,” என்றான். “அதையும் சேர்த்துச் சொல்.”
சேர்த்துச் சொன்னேன்.
“இன்னொரு தடவை.”

மறுநாள் காலையே அவனை விடுவித்துவிட்டார்கள் என்று
செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.